தென்னேரி பஸ்ஸில் இறுதிச்சுற்று

கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, உன் லட்சியம் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் வேலை, மேல்படிப்பு என்றெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன். தென்னேரிக்காரியை ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றிருப்பேன். பரீட்சை முடிந்தால் போட்டிகளும் முடிந்துவிடும். அதற்குள் ஜெயித்தாக வேண்டும்.

அவள் வேறு கல்லூரி. பதினொன்றாம் வகுப்பிலிருந்தே எங்கள் மாவட்டத்தில் எந்தப் பேச்சுப்போட்டி நடந்தாலும் முதல் பரிசு அவளுக்கு, இரண்டாம் பரிசு எனக்கு. எங்கள் வீட்டு அலமாரியில் ஹாட்பாக்ஸ், சுவர்க் கடிகாரம், எவர்சில்வர் டம்ளர் செட் எல்லாம் அடுக்கியிருக்கும். எல்லாம் இரண்டாம் பரிசு. வீட்டுக்கு வரும் சித்தி அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்பே சீர் சாமான் சேர்த்துவிட்டீர்களே என்று அம்மாவைக் கிண்டல் செய்வாள். அம்மா சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனை வருஷத்தில் மேடைக்கு வெளியே நானும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தால் நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொள்வேன். பொறாமைதான், வேறென்ன.

கடைசி வருஷம் வந்த போட்டியின் தலைப்பு, ‘செயற்கை நுண்ணறிவு: வரமா, சாபமா?’. நான் பள்ளியில் சேர்ந்த காலத்தில் தொலைக்காட்சி வரமா சாபமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு கைபேசி வந்தது, இணையம் வந்தது. தலைப்பின் முன்பாதி மட்டும்தான் மாறும். பின்பாதியை யாரும் தொடுவதில்லை.

தயாரிப்புக்கு என்ன செய்தேன்? எல்லோரும் செய்ததைத்தான். கைபேசியில் அதையே கேட்டேன். செயற்கை நுண்ணறிவு சாபம் என்று பேச ஓர் உரை எழுதிக் கொடு என்றேன். தன்னைத் திட்டித் தன்னையே எழுதச் சொல்கிறாளே என்று அதற்குக் கொஞ்சமும் மனத்தாங்கல் இல்லை. கேட்ட மாத்திரத்தில் கொடுத்தது. சரி, வரம் என்றும் ஒன்று எழுது என்றேன். அதையும் அதே உற்சாகத்தோடு கொடுத்தது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசும் ஆள் எனக்குப் பிடிக்கும், நானும் அப்படித்தான். சாபத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அன்று விடியற்காலை முகூர்த்தம் முடிந்து, பெண் வீட்டார் பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் உள்ளே நுழைந்தோம். மேடையில் மணமக்கள் உட்கார்ந்த சிவப்பு சோபா அப்படியே இருந்தது. பின்னால் ரோஜா மாலைகள், தெர்மாகோல் மயில். நடுவர்கள் இரண்டு பேர், ஒரு வக்கீல் அம்மாவும் ஒரு தமிழ்ப் பேராசிரியரும். அந்த சோபாவில் சேர்ந்து உட்காரச் சொன்னதும் இருவரும் ஒரே நேரத்தில் மறுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. கூடம் முழுக்க சாம்பார் வாசனை.

முதலில் பேச வந்த பையன் தொடங்கினான்: “நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் மனிதகுலம் ஒரு திருப்புமுனையில் நின்றது.” கையிலிருந்த பேப்பரைப் பார்த்தேன். என் உரையின் முதல் வரியும் அதுதான். இரண்டாவதாக வந்த பெண்ணும் நெருப்பைக் கண்டுபிடித்தாள். மூன்றாவது பையன் வணக்கம் சொன்னதுமே பின்வரிசை மாணவர்கள் ஒரே குரலில் ‘நெருப்பை’ என்று எடுத்துக்கொடுத்தார்கள். அவனும் வேறு வழியில்லாமல் நெருப்பையே கண்டுபிடித்தான். இருபுறமும் கூரான கத்தி எல்லோரிடமும் இருந்தது. நாளைய விடியல் நம் கையில்தான் என்று எல்லோரும் முடித்தார்கள். வரம் என்று பேசியவர்களுக்கும் அதே விடியல், சாபம் என்று பேசியவர்களுக்கும் அதே விடியல்.

வக்கீல் அம்மா மைக்கை எடுத்தார். கோபப்படுவார் என்று பயந்தோம். அவர் பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரே காலையில் இத்தனை தடவை நெருப்பு பிடித்தால் மண்டபம் தாங்காது, மண்டபக்காரருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். மேடை ஓரத்தில் தேங்காய் போட்டுக் கொடுக்கும் தாம்பூலப் பைகள் சில மிச்சம் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து வந்து, வரிசையாக எல்லோருடைய பேப்பரையும் அதில் போடச் சொன்னார். கைபேசிகள் இன்னொரு பையில் போயின. இனி எழுதி வைத்த உரை கிடையாது, இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று வாதாட வேண்டும், எந்தப் பக்கம் என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வோம் என்று அறிவித்தார். சந்தனக் கிண்ணத்தைக் கழுவி அதில் சீட்டுகளைப் போட்டார்கள்.

சுற்றிலும் எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. எனக்கு மட்டும் உள்ளூரக் கொண்டாட்டம். ஏனென்றால் பேப்பர் இல்லாமல் வாதாடுவது எங்கள் வீட்டில் அன்றாட வேலை.

எங்களுடையது கோர்வைத் தறி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொண்டே நெய்ய வேண்டும். அது ஓர் ஆளால் ஆகாது. அப்பா தறியில் உட்கார்ந்து, குறுக்கு நூல் வைத்த நாடாவை வீசுவார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு உண்டான நாடாவைத் திருப்பி அனுப்புவாள். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் ஒருவர் எழுந்து வெளியே போய்விடலாம். எங்கள் வீட்டில் போக முடியாது. ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். அதனால் இருவரும் நெய்துகொண்டே சண்டை போடுவார்கள், நாடா அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருவதற்குள் பதில் வந்துவிடும். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. யாருடைய கல்யாணத்திலோ அம்மாவின் அண்ணன் தன்னை மதிக்கவில்லை என்று அப்பா ஆரம்பிப்பார். அது எந்த மண்டபம் என்று மறந்து கையும் வாயும் நிற்கும். உடனே அம்மா மண்டபத்தின் பெயரை எடுத்துக்கொடுத்து, என்றைக்கு என்பதையும் சொல்லி, அதன் பிறகு அண்ணனுக்காக வாதாடுவாள். எதிராளிக்கு எடுத்துக்கொடுக்காவிட்டால் வேலை நகராது, அதுதான் காரணம். லீவு நாட்களில் அம்மாவின் இடத்தில் நான் உட்காருவேன். அப்பாவோடு நானும் அப்படித்தான் சண்டை போட்டேன்.

சீட்டு எடுத்து வாதாடியதில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பாதிப் பேருக்கு நெருப்பு இல்லாமல் தொடங்கவே தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடையில் மிஞ்சியது இரண்டே பேர், நானும் தென்னேரிக்காரியும். அவள் எடுத்த சீட்டில் வரம். எனக்குச் சாபம்.

நான் அன்று நன்றாகப் பேசினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. செயற்கை நுண்ணறிவு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லக்கூட அதனிடமே எழுதி வாங்கிக்கொண்டு வந்தோமே, அந்தத் தாம்பூலப் பையைவிட எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டேன். கூடம் கைதட்டியது. வக்கீல் அம்மா எதையோ குறித்துக்கொண்டார். தென்னேரிக்காரியின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. அவளுக்கு வியர்த்து அன்றுதான் பார்த்தேன். கிடைத்துவிட்டது, இன்றைக்கு ஜெயித்துவிட்டோம் என்று மனம் துள்ளியது.

அவள் மேடைத் தமிழை விட்டுவிட்டு, வீட்டில் பேசுவதைப் போல மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். அவள் அம்மா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாராம். போனுக்குள் வைக்கும் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளை லென்ஸ் வழியாகப் பார்த்து, பற்றவைத்ததில் பிசகு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்ணில் நீர் வடியுமாம். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால்தான் சமைக்கவே எழுந்திருக்க முடியுமாம். இப்போது அந்தப் பலகைகளைக் கேமரா பார்க்கிறது. சந்தேகமானதை மட்டும் ஒதுக்கி அம்மாவிடம் கொடுக்கிறது. கூடம் அசையாமல் கேட்டது. நானும் கேட்டேன்.

“அந்தக் கேமரா வந்ததிலேர்ந்து எங்க அம்மா...” என்று அவள் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து எச்சரிக்கை மணி அடித்தது. மணி என்றால் மண்டபத்துப் பூஜை மணி, காதுக்குப் பக்கத்தில் கணகணவென்று. அவள் திடுக்கிட்டு நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. கூடமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணியின் நாதம்கூட அடங்கிவிட்டது. அவள் நின்றாள். எதிரே ஒருவர் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரியும்.

“மாத்திரை போடறதே இல்ல” என்று நான் எடுத்துக்கொடுத்தேன். என் கையில் மைக் இருந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான், கூடம் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. நான் என்ன செய்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தென்னேரிக்காரி ஒரு கணம்கூட வீணாக்கவில்லை. என்னை நோக்கிக் கைகூப்பினாள்.

“எதிரணித் தோழியே ஒப்புக்கொண்ட பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது, நடுவர் அவர்களே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு பேர் சிரிக்கும்போது என்னாலும் அடக்க முடியவில்லை, நானும் மேடையிலேயே சிரித்துவிட்டேன். அவளுக்கு வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய கோப்பை. எனக்கு இட்லிப் பானை.

மண்டபத்துக்கு வெளியே வந்ததும் சிரிப்பெல்லாம் வடிந்து கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? என் வாய் மேல்தான். இட்லிப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பினால் தென்னேரிக்காரி, மூச்சு வாங்க, கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. முகத்தில் ஜெயித்த களை இல்லை.

“எதுக்கு எனக்கு எடுத்துக் குடுத்தீங்க? பாவம்னு நெனச்சீங்களா?” என்று கேட்டாள்.

“பாவமா? உன்ன ஜெயிக்கணும்னு வருஷக்கணக்கா காத்துக்கினு இருக்கேன் பா. வாய் தானா வந்துடுச்சி.”

தறி விஷயத்தைச் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் கோப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டு, இது கணக்கில் வராது, மறுபடியும் வாதாட வேண்டும் என்றாள். இந்தத் தடவை அவள் சாபம், நான் வரம். எப்போது என்று கேட்பதற்குள் தென்னேரி போகும் பஸ் வந்துவிட்டது. அவள் படியில் கால் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நானும் ஏறிவிட்டேன்.

வெள்ளை போர்டு பஸ், பெண்களுக்கு டிக்கெட் இலவசம். இருந்தாலும் கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார்.

“தெரியல சார். இவ எங்க தோக்கறாளோ அங்க.”

“அப்படி ஒரு ஸ்டாப்பிங் இந்த ரூட்ல இல்லம்மா” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். தென்னேரிக்கு இலவசச் சீட்டு கிழித்துக் கொடுத்தார்.

ஐயம்பேட்டை வருவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். போட்டிக்காகத் தினமும் கைபேசியோடு வாதாடிப் பழகினாளாம். எதைச் சொன்னாலும் அருமையான சிந்தனை என்று அது பாராட்டுகிறதாம். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தாளாம், அதையும் சுவாரசியமான கோணம் என்றதாம். இப்படியே போனால் ஊரில் யாருக்கும் தோற்கத் தெரியாமல் போய்விடும் என்றாள். அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “உங்க மூஞ்சி சுளிக்கறத பாத்தாதான் எனக்கு அடுத்த பாயிண்ட்டே வரும்” என்றாள். இத்தனை வருஷமாக மேடையில் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் குப்பென்று சந்தோஷம் பொங்கியது. வாதம் நடுவில் இருந்ததால் காட்டிக்கொள்ளவில்லை.

முன் சீட்டில் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, இன்னா விஷயம் என்று திரும்பினார். லென்ஸ், கேமரா கதை உட்பட விளக்கினோம். ஓ, போனில் கேட்டால் பேசுமே அதுவா என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தபடியே திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கம்பியில் சாய்ந்தார். பின் சீட்டுக்காரர்கள் சத்தமாகப் பேசுங்கள் என்றார்கள். ஆளாளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் என் அம்மாவின் போன் வந்தது. எங்கே இருக்கிறாய் என்றாள். ஜெயித்துக்கொண்டு இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

உண்மையில் நான் ஜெயித்துக்கொண்டு இல்லை. வாலாஜாபாத் தாண்டும்போது பஸ்ஸில் முக்கால்வாசி அவள் பக்கம் இருந்தது. பூக்கார அம்மாவே அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். தென்னேரி ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. வழக்கம்போல இரண்டாம் பரிசுதான் என்று தோன்றிய நேரத்தில், எனக்கு ஒன்று சிக்கியது.

“எல்லாம் சரி. நாளைக்கு அந்தக் கேமராவ எடுத்துடறாங்கன்னு வெச்சிக்கோ. உங்க அம்மாவ மறுபடியும் லென்ஸுல உக்காருன்னு நீ சொல்லுவியா?”

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதில் இருந்தது. கேமரா வந்த பிறகு அந்த மேசையில் எத்தனை பேருக்கு வேலை மிச்சம் இருக்கிறது என்று அவள் கேட்டிருந்தால் போதும், நான் காலி. அந்தப் பதில் என் நாக்கு நுனியில் நின்று துடித்தது. இட்லிப் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் சும்மா இருந்ததில்லை.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“தோத்துட்டேன் பா” என்றாள்.

பஸ்ஸில் கைதட்டல் எழுந்தது. கண்டக்டர் பூக்கார அம்மாவிடம் ஒரு முழம் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. எந்த மேடையிலும் கிடைக்காத ஒன்று ஓடுகிற பஸ்ஸில் கிடைத்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து, இறங்கி வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றாள். ‘வாங்க’ எங்கேயோ வழியிலேயே இறங்கிப் போயிருந்தது.

நிறுத்தத்தில் அவள் அம்மா நின்றிருந்தார். முதல் ஷிப்ட் முடிந்து, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, பெண்ணின் கோப்பையைப் பார்க்க ஓடி வந்திருந்தார். பஸ் உடனே கிளம்பவில்லை. அவரைப் பற்றியும் பேசியிருந்ததால், ஜன்னலுக்கு ஒரு தலையாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இந்தம்மாதானா அது என்று பூக்கார அம்மா சத்தமாகவே கேட்டார். தென்னேரிக்காரியின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு எங்களிடம் வந்தார். தென்னேரிக்காரி என் தோளில் கை போட்டு என்னை முன்னால் தள்ளினாள்.

“மா, இன்னைக்கி என்ன தோக்கடிச்சது இவதான்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த இட்லிப் பானையைப் பார்த்தார். பிறகு மகளின் கையில் மின்னிக்கொண்டிருந்த கோப்பையைப் பார்த்தார்.

“அப்ப இத யாருகிட்டடி புடுங்கிக்கினு வந்த?” என்றார்.